அப்பாவின் பீட்டிலில் போர்ஷே எஞ்சின்: கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. மாதச் சம்பளக்காரன். அப்பா விட்டுச்சென்ற 1967 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்னிடம் இருக்கிறது. 1500 சிசி, ஒரிஜினல் எஞ்சின், இன்றும் ஓடுகிறது. ஒரு ஒர்க்ஷாப்பில் போர்ஷே 911 கரேரா 3.2 எஞ்சின் விலைக்கு வந்திருக்கிறது. அதை பீட்டிலில் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். எஞ்சினுக்கே என் சேமிப்பில் பாதி போய்விடும். பொருத்தும் வேலைக்கு ஐந்து வருடத் தனிநபர் கடன் எடுத்து, தவணை கட்டுவதற்காக மாதாந்திர முதலீட்டை நிறுத்திவைக்கலாம் என்று யோசிக்கிறேன். ஏர்கூல்டு போர்ஷே விலை ஏறிக்கொண்டேதான் போகும், இது செலவில்லை, முதலீடு என்கிறார் நண்பர். மனைவிக்குச் சம்மதமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கடன் வேண்டாம். முதலீட்டையும் நிறுத்த வேண்டாம். எஞ்சின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. காற்றால் குளிரும் 911 எஞ்சின்களை போர்ஷே 1998-லேயே நிறுத்திவிட்டது. நீங்கள் சொல்லும் 3.2 எஞ்சின் 1984 முதல் 1989 வரையிலான மாடல்களில் வந்தது. இனிப் புதிதாக வரப்போவதில்லை. தங்கள் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நினைக்கும் 911 சொந்தக்காரர்கள் இந்த எஞ்சினைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். அதனால் நல்ல நிலையில், ஒழுங்கான காகிதங்களோடு இருக்கும் எஞ்சினுக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டு. இதுவரை சரி.

ஆனால் நீங்கள் வாங்கப்போவது எஞ்சினை மட்டுமல்லவே! உங்கள் பணம் மூன்று இடங்களுக்குப் போகிறது. எஞ்சினுக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரலாம். அதைப் பொருத்தும் கூலிக்கும் அதற்காகச் செய்யும் மாற்றங்களுக்கும் போகும் பணம் போனதுதான். மூன்றாவது, கையில் இருந்து எடுத்துக் கொடுக்காத பணம்: உங்கள் காரின் இன்றைய மதிப்பு. 1967 பீட்டிலில் அந்த ஒரு வருடம் மட்டுமே வந்த உதிரிபாகங்கள் பல இருக்கின்றன, சேகரிப்பாளர்கள் அந்த மாடலைத் தனியாகவே தேடுவார்கள். ஒரிஜினல் எஞ்சினோடு, ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி என்றால் இன்னும் நல்லது. அதன் பின்பக்கத் தகட்டை வெட்டும் நாளில் அந்த மதிப்பையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். ஒர்க்ஷாப் தரும் மதிப்பீட்டில் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட இருக்காது.

பொருத்தும் வேலை என்ன என்று பார்த்தால் பணம் எங்கே கரையும் என்பது புரியும். உங்கள் பீட்டிலின் எஞ்சின் 44 குதிரைத்திறன். கரேரா 3.2 ஐரோப்பிய மாடலில் 231. அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். எடையும் ஏறக்குறைய இரு மடங்கு, அத்தனையும் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும். பீட்டிலின் கியர்பாக்ஸ் இதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஆகவே போர்ஷே கியர்பாக்ஸ் வேண்டும், அது உட்காரச் சேஸிஸின் பின்பகுதியில் வெட்டி ஒட்ட வேண்டும். 911 எஞ்சினுக்கு ஆயில் தனி டேங்கில் இருக்கும், அதற்கு இடம், குழாய்கள், பெரும்பாலும் முன்பக்கத்தில் ஓர் ஆயில் கூலர். எரிபொருளும் இக்னிஷனும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவதால் வயரிங், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், டேங்குக்குத் திரும்பும் குழாய். சைலன்சரைக் கையால்தான் செய்ய வேண்டும். இதெல்லாம் முடிந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான்.

நிற்பதற்கு இனிமேல்தான் செலவு. 1967 பீட்டிலின் பின்பக்கம் பழைய ஸ்விங் ஆக்சில் அமைப்பு. வேகமாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும் என்பது அந்தக் காரை ஓட்டியவர்களுக்குத் தெரிந்த கதை. 44 குதிரைக்கே அப்படி. பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம், ஸ்டியரிங் எல்லாவற்றையும் மாற்றாமல் இந்த எஞ்சினை வைப்பதை நிதி ஆலோசகனாக மட்டுமல்ல, சாலையில் எதிரே வரும் ஆளாகவும் எதிர்க்கிறேன். உங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டில் பிரேக் வேலை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதில் பெரிய ஆபத்து முடிந்த கார் விலை போகாதது அல்ல. நன்றாக முடித்த போர்ஷே-பீட்டிலுக்கு ஆள் கிடைப்பார், போட்ட பணத்துக்குக் குறைவாகவே என்றாலும். பாதியில் நின்ற வண்டிக்குத்தான் ஆளே கிடையாது. சேஸிஸ் வெட்டியாகிவிட்டது, எஞ்சின் ஒரு மூலையில், கியர்பாக்ஸ் இன்னும் வரவில்லை, பணம் தீர்ந்துவிட்டது. இந்த நிலையில் அது பீட்டிலும் இல்லை, போர்ஷேயும் இல்லை. வாங்க வருகிறவர் உதிரிபாக விலைதான் பேசுவார். இந்த மாதிரி வேலைகள் பாதியில் நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், எஞ்சினை வாங்கும்போதே பணத்தின் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுவது. உங்கள் திட்டம் அச்சு அசலாக அதுதான்.

கடன் கணக்கு சின்னது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு 100 கடன் வாங்கினால் மாதத் தவணைகளாகச் சுமார் 133 கட்டி முடிப்பீர்கள். அந்த 33 கூலிக்குக் கட்டும் வட்டி, அதாவது திரும்ப வராத பணத்துக்கு மேலும் திரும்ப வராத பணம். இன்னொரு பக்கம், எஞ்சினுக்குப் போகும் தொகை ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் முதலீட்டில் இருந்தால் பத்து வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டும். ‘இது முதலீடு’ என்று சொல்ல வேண்டுமானால் எஞ்சின் விலையும் அந்த அளவு ஏற வேண்டும், அதுவும் இடையில் நீங்கள் அதை ஓட்டித் தேய்த்த பிறகு. முழுதாகப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தால் இந்தக் கணக்கு அப்போதே கவிழ்ந்துவிடும். ஆறு சிலிண்டர் போர்ஷே எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு சாமானியமானதல்ல.

சரி, ஆசையை என்ன செய்வது? ஆசை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தொடாமல், பிள்ளைகள் இருந்தால் அவர்கள் படிப்புக்கு ஒதுக்கியதைத் தொடாமல், மிச்சத்தில் எவ்வளவு போனாலும் வீட்டில் யாருக்கும் வலிக்காது என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அவர் சம்மதிக்காததற்குக் காரணம் காரா, கடனா என்று கேட்டீர்களா? கடன் போனால் பதில் மாறவும் கூடும்.

அந்தத் தொகைக்குள் அடங்கும் வழிகள் இருக்கின்றன. பீட்டில் எஞ்சின் குடும்பத்திலேயே பெரிய பிஸ்டன் போட்டு 1776 சிசி ஆக்கி, இரட்டைக் கார்புரேட்டர் வைத்து ஓட்டுபவர்கள் ஏராளம். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் போர்ஷே 914-இல் வந்த இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். ஐரோப்பிய மாடலில் 100 குதிரைத்திறன், ஃபோக்ஸ்வேகனின் டைப் 4 என்ற எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது, சரியான ஃப்ளைவீல் இருந்தால் பீட்டில் கியர்பாக்ஸோடு பொருந்திவிடும். போர்ஷே என்று சொல்லிக்கொள்ளவும் முடியும், கொஞ்சம் தயக்கத்தோடு. 800 கிலோ சுமாருக்கு இருக்கும் காரில் 100 குதிரை என்பது விளையாட்டில்லை, அதற்கும் பிரேக் செலவு முதலில் வரும். சுபாரு எஞ்சின் மலிவு என்று யாராவது வருவார்கள். அது தண்ணீரால் குளிர்வது. ரேடியேட்டருக்கு இடம் தேடி மறுபடி வெட்டத் தொடங்குவீர்கள்.

எந்த வழியில் போனாலும் உடலையும் சேஸிஸையும் வெட்டாமல் முடியுமா என்று முதலில் கேளுங்கள். அப்பாவின் எஞ்சினை விற்காதீர்கள். சுத்தம் செய்து, ஆயில் போட்டு, மூடி வைத்துவிடுங்கள். பீட்டிலில் எஞ்சினைப் பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள்தான், நாளைக்கே திரும்ப ஏற்றலாம். அந்தத் திரும்பும் வழிதான் காரின் விலையைக் காப்பாற்றும்.

இவ்வளவு கேட்ட பிறகும் மனம் 3.2-விலேயே நிற்கிறது என்றால், கார் வேலையைத் தள்ளிவைத்து எஞ்சினை மட்டும் வாங்கலாம், முழு வேலைக்கும் வேண்டிய தொகை அந்த ‘வலிக்காத பண’த்தில் அடங்கும் என்றால் மட்டும். வாங்குமுன் ஒர்க்ஷாப்புக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், லீக்-டவுன் சோதனை (உள்ளே அழுத்தம் எவ்வளவு எழுகிறது, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். இந்த எஞ்சினில் வால்வு கைடு, அதாவது வால்வு ஏறி இறங்கும் சிறு குழாய், தேய்வது பிரபலமான வியாதி. எஞ்சின் எண்ணைக் குறித்து, அது திருட்டுப் பொருளோ அடமானத்தில் உள்ளதோ அல்ல என்று உறுதி செய்து, அந்த எண் அச்சிட்ட ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். எஞ்சின் மாற்றத்தைப் பதிவு அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கவும். சொல்லாமல் மாற்றிய காருக்கு விபத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். காப்பீட்டில் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசி கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஒர்க்ஷாப்புக்குப் பணத்தை ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். பிரேக் முடிந்ததும் இவ்வளவு, எஞ்சின் உட்கார்ந்ததும் இவ்வளவு, சோதனை ஓட்டம் முடிந்ததும் மிச்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாமல் முழு முன்பணம் கேட்டால் வேறு ஒர்க்ஷாப் பாருங்கள்.