கண்மாய்க் கரையில் டென்ட் போடலாமா?

கேள்வி: கார்த்திகை மழையில் மதுரையிலிருந்து காரில் கிளம்பி, செட்டிநாட்டில் ஏரிக்கரை ஊர்களாகப் பார்த்துக்கொண்டே போய், இரவு கரையிலேயே டென்ட் போட்டுத் தங்க ஆசை. இரண்டு நாள், நான்கு பேர், அதில் இரண்டு சிறுவர்கள். எங்கே போகலாம்?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக வாருங்கள், இந்தச் சீமையை மழையில்தான் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் வந்து வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே தண்ணீர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனால் டென்டைக் கரையில் மட்டும் போடாதீர்கள். நம் பக்கம் ஏரி என்று சொல்வதில்லை, கண்மாய். அதன் கரை வெறும் மண்தான். நாலு நாள் மழையில் ஊறிக் கிடக்கும்போது கார் சக்கரம் ஏறினால் அங்கேயே அறுக்கும், உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் பகுதியில், தண்ணீர் ஏற ஏறப் பாம்புகளும் மேடு தேடிக் கரைக்குத்தான் வரும், இடி மின்னல் நேரத்தில் பனை மரத்தடியோ சொல்லவே வேண்டாம். நான் ஒருமுறை கரையை விட்டுத் தள்ளி, நல்ல மணல் தரை என்று நம்பி டென்ட் அடித்தேன். அது வரத்துக்கால், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால். ராத்திரி இரண்டு மணிக்குப் பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடியது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் காருக்கு ஓடிய பயம் இன்னும் போகவில்லை. ஊருக்குள் போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், கோயில் திடலோ பள்ளிக்கூடத்துப் பக்க மேடோ காட்டுவார்கள். மழை வலுத்தால் டென்டைச் சுருட்டிவிட்டுக் காரைக்குடியில் அறை எடுத்துவிடுங்கள்.

சரி, வழி. திருப்பத்தூருக்கு முன்னாலேயே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-இல் அறிவித்தது, ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு முன்பிருந்தே காத்து வருகிறார்கள். சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை, கூட்டில் இருக்கும் குஞ்சுகள் மிரளும் என்று. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் நனைந்தபடி உட்கார்ந்திருப்பதைச் சிறுவர்களுக்குக் காட்டுங்கள். காரில் பாட்டை நிறுத்திவிட்டுப் போங்கள்.

அப்புறம் வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வழியாகக் காரைக்குடி. மறுநாள் கானாடுகாத்தான். மழை பெய்யும்போதே பார்வைக்குத் திறந்திருக்கும் ஒரு பெரிய வீட்டுக்குள் போய் முற்றத்தைப் பாருங்கள். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் உள்ளேதான் விழும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊர்க் குளமான ஊருணிக்குப் போகிற மாதிரிதான் அந்தக் காலத்தில் ஊரையே அமைத்தார்கள். மழை கொஞ்சம் கிடைக்கிற சீமை, அதை வீணாக்காமல் வீடு கட்டியிருக்கிறார்கள். இதைப் பார்க்கத்தான் உங்களை மழையில் வரச் சொல்கிறேன். ஊருணி குடிதண்ணீர், செருப்போடு படியில் இறங்குவதோ கை கால் கழுவுவதோ கூடாது.

அங்கிருந்து திருமயம் பக்கம்தான். கோட்டை 1687-இல் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி கட்டியது. பாறை வழுக்கும், தூறல் விட்டதும் ஏறுங்கள்.

எந்தக் கண்மாயிலும் சிறுவர்களைக் குளிக்க விடாதீர்கள், மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் இருப்பது வெளியே தெரியாது. கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கில் தண்ணீர் வழிந்தால் தள்ளி நின்று பார்க்கலாம். சாயங்காலம் காரைக்குடியில் சூடாக வெள்ளைப் பணியாரம், காரச் சட்னியோடு. மழைக்கு அதுதான்.