300 மீட்டர் தள்ளி நிற்பது என்னவென்று தெரிய எந்த டார்ச் வாங்குவது?

கேள்வி: தாளவாடி மலைப்பகுதியில், காட்டை ஒட்டிய மக்காச்சோளத்துக்கு நாங்கள் நான்கு குடும்பங்கள் முறை வைத்து இரவுக் காவல் இருக்கிறோம். பரணிலிருந்து காட்டோரம் 300 மீட்டர் இருக்கும். இப்போது இருக்கும் ரீசார்ஜ் டார்ச்சின் வெளிச்சம் பாதி தூரம்கூடப் போவதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நல்லதாக ஒன்று வாங்க நினைக்கிறோம். கடையில் ‘1,00,000 லூமன், 2 கிலோமீட்டர்’ என்று பெட்டியில் அச்சிட்ட ஒரு கையடக்க டார்ச்சைக் காட்டுகிறார்கள். நம்பி வாங்கலாமா? பழைய டார்ச்சை என்ன செய்வது?

பதில்: அதை வாங்க வேண்டாம். இன்றைய நல்ல எல்இடி டார்ச் ஒன்று, பேட்டரியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வாட் மின்சாரத்துக்கும் ஏறத்தாழ 100 லூமன் வெளிச்சம் தரும். அந்தக் கணக்கில் 1,00,000 லூமனுக்கு 1,000 வாட் வேண்டும். அது வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி எடுக்கிற மின்சாரம். அத்தனை சூட்டை உள்ளங்கையில் பிடித்திருக்க முடியாது என்பது ஒரு பக்கம் இருக்க, கையடக்க டார்ச்சில் போடும் நல்ல லித்தியம் பேட்டரியே சுமார் 18 வாட் மணி சக்திதான் கொண்டது என்பதால், அந்த வேகத்தில் ஒரு நிமிடத்தில் காலியாகிவிடும். ஆகவே பெட்டியில் உள்ள முதல் எண் பொய். முதல் எண்ணைப் பொய்யாகப் போட்டவர் இரண்டாவதை மட்டும் அளந்து போட்டிருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அந்த எண் உண்மையாகவே இருந்தாலும் உங்கள் தேவைக்கு அது பதில் சொல்லாது. லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளியேறும் வெளிச்சத்தின் மொத்தம். உங்கள் வீட்டுத் திண்ணையில் எரியும் 20 வாட் எல்இடி டியூப்லைட்டே ஏறக்குறைய 2,000 லூமன் தருகிறது. ஆனால் வாசலைத் தாண்டி மாட்டுக்கொட்டகை வரை சென்றாலே பெரிது. தூரத்தைத் தீர்மானிப்பது கண்டெலா என்ற வேறொரு அளவு. ஒரு திசையில் வெளிச்சம் எவ்வளவு குவிந்து செல்கிறது என்பதை அது சொல்கிறது. கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதன் கண்டெலா எத்தனை?’ என்பதுதான். பெட்டியிலோ கையேட்டிலோ அந்த எண் இல்லாத டார்ச்சை, தூரம் பார்ப்பதற்கென்று காசு கொடுத்து வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கண்டெலா தெரிந்துவிட்டால் தூரத்தை நீங்களே கணக்கிட்டுவிடலாம். அமெரிக்காவில் 2009இல் வெளியாகி, நல்ல தயாரிப்பாளர்கள் பலரும் இன்று பின்பற்றும் ‘எஃப்எல்1’ தரமுறையில், பொருளின் மேல் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறையும் இடம்தான் அந்த டார்ச்சின் எட்டும் தூரம். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் கிடைக்கும். 10,000 கண்டெலாவுக்கு 200 மீட்டர்; 40,000 கண்டெலாவுக்கு 400 மீட்டர். தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் கண்டெலா நான்கு மடங்காக வேண்டும் என்பதை இதில் கவனியுங்கள். கடையில் காட்டிய டார்ச் 2 கிலோமீட்டர் எட்ட வேண்டுமானால் 10 லட்சம் கண்டெலா தேவை. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய தலை கொண்ட எல்இடி டார்ச்சுக்கு அது ஆகாத காரியம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 0.25 லக்ஸ் என்பது திறந்த வெளியில் பௌர்ணமி நிலா தரும் வெளிச்சம். நிலா வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும். அது பாறையா யானையா என்று தெரிய அது போதாது. அதிலும் நிலா உங்களைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் காட்டுகிறது. டார்ச் வெளிச்சமோ 300 மீட்டர் சென்று, பட்ட பொருளிலிருந்து சிதறி, அதில் ஒரு துளிதான் உங்கள் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. ஆகவே அச்சிட்டுள்ள தூரத்தில் பாதியைத்தான் உண்மையான பார்வைத் தூரமாகக் கொள்ள வேண்டும். பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்காகி 1 லக்ஸ் கிடைக்கும். உங்கள் 300 மீட்டருக்கு அது 90,000 கண்டெலா என்று வருகிறது. பெட்டியில் ‘600 மீட்டர்’ என்று இருக்கும். ஒரு லட்சம் கண்டெலாவை ஒட்டித் தேடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவல் வாங்கிய டார்ச்சாக இருந்தாலும் சரி, தோட்டத்தின் கடைக்கோடியில் ஒரு குச்சியில் வெள்ளை உரச்சாக்கையும், பக்கத்துக் குச்சியில் கறுப்புக் கம்பளியையும் தொங்கவிட்டு, இருட்டிய பிறகு பரணிலிருந்து அடித்துப் பாருங்கள். சாக்கு பளிச்சென்று தெரியும். கம்பளி இருக்கும் இடமே தெரியாது. கடைக்காரர்கள் எதிரே உள்ள சுவரிலோ தண்ணீர்த் தொட்டியிலோ வெளிச்சத்தை அடித்துக் காட்டுவது சாக்கின் மேல் அடிப்பதைப் போன்றது. காவலில் நீங்கள் தேடுவது கம்பளியை. புள்ளிமான், காட்டெருமை, சிறுத்தை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், உடல் தெரியாவிட்டாலும் கண்கள் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டுப்பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மக்காச்சோளத்துக்கு வரும் பன்றியின் கண் மின்னும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதன் உடலையே பார்த்தாக வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு கண்டெலா.

டார்ச்சின் தலையைப் பார்த்தே ஓரளவு மதிப்பிடலாம். ஒரே எல்இடியை வைத்து, தலையின் விட்டத்தை இரு மடங்காக்கினால், பரப்பு நான்கு மடங்காகி, கண்டெலாவும் கிட்டத்தட்ட நான்கு மடங்காகி, எட்டும் தூரம் இரட்டிக்கும். உங்கள் தேவைக்கு 40 முதல் 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஆழமான ரிஃப்ளெக்டரும் அதன் நடுவே ஒரே ஒரு சிறிய எல்இடியும் கொண்ட டார்ச் ஏற்றது. தலையில் நான்கு, ஆறு, எட்டு என்று எல்இடிகளை அடுக்கியவை முற்றத்தை நிரப்பும், தூரம் போகாது. தலையை முன்னும் பின்னும் இழுக்கும் ஜூம் டார்ச்சுகளில், குவிக்கும்போது லென்ஸில் படாத வெளிச்சம் உள்ளேயே வீணாகிறது. இழுக்கும் இடைவெளி வழியாக மழைத்தண்ணீரும் தூசியும் புகவும் வாய்ப்பு அதிகம். மலையில் காவலுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

லேசர் ஒளியைப் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளில் பாய்ச்சி வெள்ளை வெளிச்சமாக்கும் ‘எல்இபி’ டார்ச்சுகளும் இப்போது கிடைக்கின்றன. தூரத்தில் அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் அவற்றின் கற்றை கயிறுபோல ஒடுங்கியது. ஒரு பாகை விரியும் கற்றை 300 மீட்டரில் சுமார் 5 மீட்டர் அகலமுள்ள வட்டமாகத்தான் விழும். ஓர் யானையைக் காட்டும். அதன் இரு பக்கமும் நிற்கும் கூட்டத்தைக் காட்டாது. எத்தனை உருப்படி வந்திருக்கிறது என்று தெரியாமல் பரணிலிருந்து இறங்குவது ஆபத்தானது. நான்கு பாகையளவு விரியும் எல்இடி கற்றை அதே தூரத்தில் சுமார் 20 மீட்டரைக் காட்டும். ஆகையால் உங்களுக்கு எல்இடி டார்ச்தான் சரி.

பேட்டரியைப் பொறுத்தவரை 21700 வகையைக் கேளுங்கள். 21 மில்லிமீட்டர் தடிமனும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இதில் 5,000 எம்ஏஎச் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) தாராளமாகக் கிடைக்கிறது. அதைவிடச் சிறிய 18650 வகையில் 3,500 எம்ஏஎச்சை ஒட்டியதுதான் உச்சம். அதில் ‘9,900 எம்ஏஎச்’ என்று ஒட்டியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். 5,000 எம்ஏஎச் பேட்டரி ஒன்று 1,000 லூமனை இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும், 300 லூமனை ஆறு மணி நேரமும் தாங்கும். காவலில் ஐந்து பத்து விநாடிகள் அடித்து அணைப்பதுதான் வழக்கம் என்பதால் ஓர் இரவுக்கு அது போதும். ஆனாலும் மின்வெட்டை நினைத்து இன்னொரு பேட்டரியும் வாங்கி வையுங்கள். அந்த உபரி பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் சட்டைப்பையில் ஒருபோதும் போடாதீர்கள். உலோகம் இரு முனைகளையும் தொட்டால் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் தனியாக இருக்கட்டும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த பேட்டரிகள் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம்.

பெட்டியில் உள்ள ‘டர்போ’ என்ற உச்ச வெளிச்சம் ஓரிரு நிமிடங்களில் சூட்டினால் தானாகவே குறைந்துவிடும். எரியும் நேரமும் அப்படித்தான்: தரமுறைப்படி வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகும் வரை உள்ள நேரத்தை அதில் சேர்த்துக் கொள்ளலாம். எனவே டர்போவுக்கு அடுத்த படியில் எத்தனை லூமன், எவ்வளவு நேரம் என்று பார்த்து ஒப்பிடுங்கள். மழைக்கு ஐபிஎக்ஸ்7 போதும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே ஈரம் இறங்காது என்பது அதன் பொருள்.

உங்கள் மலையில் மார்கழியில் இறங்கும் பனிமூட்டத்தை மறந்துவிடக் கூடாது. மூட்டத்தில் எந்த டார்ச்சின் வெளிச்சமும் நீர்த்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். கண்டெலா கூடக் கூட வெள்ளைச் சுவர்தான் தெரியும். அப்போது டார்ச்சைத் தோளுக்கு மேல் தூக்காமல் இடுப்பளவில், உடலை விட்டுக் கையை நீட்டிப் பிடித்தால், கற்றை உங்கள் பார்வைக் கோட்டிலிருந்து விலகி ஓரளவு தெரியும். 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) நீல வெள்ளையைவிட 5,000 கெல்வினை ஒட்டிய நிறத்தில் செம்மண் பூசிய யானையைப் புதரிலிருந்து பிரித்தறிவது எளிது என்பது என் அனுபவம்.

வெளிச்சம் உங்களுக்குப் பார்ப்பதற்காக மட்டுமே இருக்கட்டும். யானையைக் கண்டவுடன் கற்றையைத் தரைக்கு இறக்கிவிடுங்கள். கண்ணில் விடாமல் அடிப்பதும் விட்டுவிட்டு மின்ன வைப்பதும் அதை உங்கள் பக்கம் திருப்பிவிடக்கூடும். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பரணிலேயே இருங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். இரவில் இப்படிப்பட்ட டார்ச்சோடு அங்கே நிற்பவரை வேட்டைக்காரர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாமலும் வையுங்கள். 90,000 கண்டெலா டார்ச் ஒரு மீட்டர் தள்ளி முகத்தில் பட்டால், அது நடுப்பகல் வெயிலுக்கு இணையான வெளிச்சம்.

பழைய ரீசார்ஜ் டார்ச்சில் இருப்பது அநேகமாக ஈய அமில பேட்டரியாக இருக்கும். அது சார்ஜ் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால், தகடுகளில் உப்புப் படிந்து திரும்ப ஏறாது. இன்னும் ஒரு மணி நேரம் எரிகிறது என்றால், மாட்டுக்கொட்டகைக்கும் வரப்பில் காலடி பார்த்து நடப்பதற்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தூரம் போகும் புதிய டார்ச் பக்கத்தில் உள்ள பாம்பைக் காட்டுவதில் அவ்வளவு கெட்டியல்ல. பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். எரியவே இல்லையென்றால் குப்பையிலோ கிணற்றோரத்திலோ போடாமல், வாகன பேட்டரி விற்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது ஈயம், அவர்கள் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.