திரும்பப் பெறப்பட்ட வலி மாத்திரையால் கிட்னி பாதிப்பு: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: குடியாத்தத்தில் தறி நெய்யும் என் அம்மா, டாக்டர் எழுதிக் கொடுத்த முட்டிவலி மாத்திரையைப் பல மாதம் சாப்பிட்டார். இப்போது கிட்னி பாதித்திருக்கிறது. அந்த மாத்திரையைக் கம்பெனி கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டது. சட்டப்படி என்ன வழி?

போடலாம். ஆனால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். "கொண்டு வாங்க, பணம் தந்துடறேன்" என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் கூப்பிடுவார். பேட்ச் நம்பர் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) உள்ள அட்டை கைவிட்டுப் போனால், அம்மா சாப்பிட்டது அதே சரக்குதான் என்று காட்டுவது பெரும்பாடு. பில், மருந்துச் சீட்டு, மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய கிரியாட்டினின் ரிப்போர்ட் (கிட்னி வேலை செய்யும் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எல்லாம் வேண்டும். ஆஸ்பத்திரி ரெக்கார்டை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி.

அடுத்து, ஏன் திரும்பப் பெற்றார்கள் என்று பாருங்கள். ஒரு பேட்ச் மட்டும் தரம் தவறியதா, மருந்தே ஆபத்தா? முதல் வகை என்றால், மிச்ச மாத்திரையை அரசு பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்க, மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வாங்கியவருக்கே உரிமை தருகிறது. இரண்டாம் வகைக்குப் பேர்போனது ரோஃபெகாக்ஸிப் என்ற வலி மாத்திரை. மாரடைப்பு அபாயத்தால் 2004 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது, அதே ஆண்டு இந்தியாவிலும் தடையானது. 2007இல் அதைத் தயாரித்த மெர்க் கம்பெனி 485 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது, ஆனால் அது அமெரிக்க வழக்குகளுக்கு. நமக்குள்ள வழி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

அதன் 84ஆம் பிரிவுப்படி, தயாரிப்புக் குறைக்கும் போதிய எச்சரிக்கை தராததற்கும் கம்பெனி பொறுப்பு. இங்கேதான் சிக்கல். டாக்டர் மேற்பார்வையில் தர வேண்டிய பொருளுக்கு, டாக்டரிடம் முறையாக எச்சரித்திருந்தால், எச்சரிக்கை போதவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து 87ஆம் பிரிவு கம்பெனியை விடுவிக்கிறது. கம்பெனி தரப்பு முதலில் இதைத்தான் பிடிக்கும். அதனால் மருந்தோடு வந்த துண்டுத்தாளில் கிட்னி பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். அதில் தெளிவாக இருந்தும், மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை சொல்லாமல் எழுதிக் கொடுத்திருந்தால், கேள்வி டாக்டர் பக்கம் திரும்பும். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி இதில் வராது, சிவில் கோர்ட்தான். அப்புறம், சீட்டின் காலம் முடிந்த பிறகு அம்மா தானாக வாங்கிச் சாப்பிட்டிருந்தால், அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. மாத்திரைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. அது எந்த நாளிலிருந்து என்பதே வாதமாகும், எனவே கிட்னி பாதிப்பு தெரிந்த நாளைக் கணக்கு வைத்துச் சீக்கிரம் போடுங்கள். பெண் என்பதால் அம்மாவுக்கு, வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

மருந்தால்தான் கிட்னி போனது என்று ஒரு சிறுநீரக டாக்டர் எழுத்தில் தர வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் கம்பெனி அதன்மேல் பழி போடும். பக்கவிளைவை அரசின் 1800 180 3024 எண்ணில் இப்போதே பதிவு செய்யுங்கள், வழக்குப் போடாவிட்டாலும்.