இடது சேனல் கோளாறுள்ள டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளை (இசைத்தட்டு சுழற்றும் கருவி) ஆயுளுக்கும் நம்பி வாங்கலாமா?
வாங்கலாம். இடது பக்கம் சத்தம் விட்டு விட்டு வருகிறது என்பதற்காக அந்தப் பழைய டெக்னிக்ஸை விட்டுவிட்டு புது பெல்ட் டிரைவுக்குப் போக வேண்டாம். 1979-இல் வந்த மாடல், 2010 வரை தயாரித்தார்கள். டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும் என்பதால் தளர்ந்துபோக பெல்ட்டே கிடையாது. உதிரி பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன.

பெரும்பாலும் ஹெட்ஷெல் (ஊசி பொருத்தியிருக்கும் கழற்றக்கூடிய முனை) பின்களில் அழுக்கு இருக்கும், அல்லது ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்சிஏ கேபிள் உள்ளே அறுந்திருக்கும்.

1. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, டர்ன்டேபிளிலிருந்து அதற்கு வரும் இடது, வலது பிளக்குகளை மாற்றிச் செருகுங்கள். கோளாறு வலது ஸ்பீக்கருக்குப் போனால் டர்ன்டேபிளில்தான் பிரச்சினை. இடதிலேயே இருந்தால் ஆம்ப்ளிஃபயரையோ ஸ்பீக்கரையோ பாருங்கள்.

2. டர்ன்டேபிள்தான் என்றால் ஹெட்ஷெல்லைக் கழற்றி, பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் கேபிளை மாற்ற வேண்டும். சால்டரிங் தெரிந்தவருக்கு அது பெரிய வேலை இல்லை.

நான் பயப்படுவது ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்முக்குத்தான். இந்த மாடலில் பல, டிஜேக்களிடம் கடுமையாக உழைத்தவை. ஆர்மை மெல்லப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பேரிங்கில் லேசான ஆட்டம் தெரிந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஜப்பான் சந்தைக்கு வந்த கருவியா என்றும் கேளுங்கள். அது 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகாதீர்கள், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.