விடுகிண்ட் செய்தது துரோகமா?

அன்புள்ள ஐயா,
இன்றைய வட ஜெர்மனியில் உள்ள வெர்டனில் ஒரே நாளில் 4,500 சாக்சன்களைக் கொன்ற ஃபிராங்கு அரசர் சார்லமேனிடம் மூன்றே ஆண்டில் போய் ஞானஸ்நானம் பெற்றவர் சாக்சன் தலைவர் விடுகிண்ட். அவரைப் போய் விடுதலை வீரர் என்கிறார்களே, இது துரோகம் இல்லையா?
கே.

அன்புள்ள கே,

துரோகம் என்றால் யாருக்கு? சாக்சன்களுக்கு அரசனே கிடையாது. போர் வந்தால் தலைவர்கள் சீட்டுப்போட்டுத் தங்களில் ஒருவரின் பின்னால் போவார்கள், முடிந்ததும் பழையபடி எல்லாரும் சமம் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயத் துறவி பீட் எழுதியிருக்கிறார். சார்லமேனுக்கு இதுதான் பெரிய தலைவலி. 774-ல் இத்தாலியில் லொம்பார்டு அரசனைப் பிடித்ததும் அந்த ராஜ்யமே கைக்கு வந்துவிட்டது. இங்கே சாக்சன்களுக்குள்ளேயே பல பிரிவுகள்: 775-ல் ஈஸ்ட்ஃபாலியர்களின் தலைவர் ஹெஸ்ஸியும் ஆங்ரியர்களின் தலைவர் புரூனோவும் பணிந்தார்கள், ஆனால் அது வெஸ்ட்ஃபாலியரான விடுகிண்டைக் கட்டுப்படுத்தவில்லை. 777-ல் பாடர்போர்னில் மற்றவர்கள் கூடியபோது விடுகிண்ட் வடக்கே டேன்களிடம் (டென்மார்க்காரர்களிடம்) ஓடிப்போயிருந்தார், அடுத்த ஆண்டு சார்லமேன் ஸ்பெயினில் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்து சாக்சன்கள் ரைன் கரை வரை கொளுத்திக்கொண்டு போனார்கள்.

வெர்டன் விஷயத்துக்கு வருவோம். 782-ல் சுண்டல் மலையில் ஃபிராங்குப் படை நன்றாக அடிவாங்கியது (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், உண்மையிலேயே அந்த மலையின் பெயர் கிட்டத்தட்ட அப்படித்தான்). சார்லமேன் வந்ததும் விடுகிண்ட் மறுபடி டேன்களிடம் போய்விட்டார். 4,500 என்பது ஃபிராங்கு அரச ஆண்டேடு தரும் கணக்கு, மிகை என்று நினைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அந்த ஆட்களைப் பிடித்துக் கொடுத்தது சாக்சன் பிரபுக்களேதான், அதையும் அதே ஆண்டேடு சொல்கிறது. துரோகம் என்ற உங்கள் வார்த்தையை அங்கே போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

783-ல் டெட்மோல்டிலும் ஹாசே ஆற்றங்கரையிலும் சாக்சன்கள் தோற்ற பிறகு விடுகிண்டுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அப்போதும் தன் உயிருக்குப் பிணையாட்களைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் 785-ல் இன்றைய பிரான்சில் உள்ள அத்தினியீக்கு ஞானஸ்நானம் பெற வந்தார். சார்லமேனே ஞானத்தகப்பன். பேரம் படிந்தது என்பதுதான் சரி.

விடுகிண்ட் பணிந்த பிறகும் சண்டை 804 வரை இழுத்தது. பிரபுக்கள் ஃபிராங்கு ஆட்சியில் பதவி வாங்கிக்கொண்டார்கள். விடுகிண்டின் வம்சத்தில் வந்த மட்டில்டாவின் மகன் முதலாம் ஓட்டோ 962-ல் பேரரசராகவே முடிசூடினார். கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்தது தேவாலயத்துக்குக் கட்டும் தசமபாக வரியும், தவக்காலத்தில் இறைச்சி தின்றால் மரணம் என்ற சட்டமும். 841-ல் அவர்கள் ஸ்டெல்லிங்கா என்ற பெயரில் கிளம்பியது சொந்தப் பிரபுக்களுக்கு எதிராகத்தான், அதை அடக்கியவர் சார்லமேனின் பேரன் லூயி. சாக்சன் எதிர்ப்பு என்றதும் எனக்கு விடுகிண்டைவிட இவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.