ஜூன் வாக்குச்சீட்டை ஒதுக்கி வைக்கலாமா?

தம்பி, குடியுரிமை பெற்ற பின் வீட்டுக்கு வந்த முதல் வாக்குச்சீட்டில் எல்லாக் கட்சியினரும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பார்த்துக் குழம்பி, ஜூனில் நடக்கும் பிரைமரி (நவம்பர் தேர்தலுக்கான வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று) என்பது கட்சிக்காரர்களின் உள்விவகாரம்தானே, எந்தக் கட்சியிலும் பதியாத நான் நவம்பரில் வாக்களித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் அது போதாது.

இங்கும் முன்பு கட்சிக்கொரு பிரைமரிதான் நடந்தது. 2010 ஜூனில் இதை மாற்றும் 14ஆம் முன்மொழிவை வாக்காளர்கள் வாக்களித்து ஏற்றதால், 2012 முதல் ஆளுநர், செனட், பிரதிநிதிகள் சபை, மாநிலச் சட்டமன்றம் போன்ற பதவிகளுக்கு எல்லோரும் ஒரே களத்தில் மோதுகிறார்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்களே, ஒரே கட்சியினராக இருந்தாலும், நவம்பர் சீட்டில் இடம்பெறுவார்கள். 2016 செனட் தேர்தலில் கமலா ஹாரிஸை எதிர்த்த லொரெட்டா சான்செஸும் ஜனநாயகக் கட்சியினர்தான்.

தீவிரப் போக்கினரை விட்டு நிதானமானவர்களுக்கு வழி பிறக்கும் என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. 2012இல் சான் பெர்னார்டினோ பகுதியின் 31ஆம் பிரதிநிதிகள் சபைத் தொகுதியில், ஜனநாயகக் கட்சியினர் நால்வர் வாக்குகளைப் பிரித்துக்கொண்டதால், அக்கட்சியின் கை ஓங்கிய இடத்திலேயே குடியரசுக் கட்சியினர் இருவர் மட்டும் நவம்பருக்குத் தேறினார்கள்.

எங்கள் மவுண்டன் வியூ அடங்கிய 16ஆம் தொகுதியின் கதை இன்னும் விசித்திரமானது. 2024 மார்ச் பிரைமரியில் சாம் லிக்கார்டோ முதலில் வர, இரண்டாம் இடத்தில் இவான் லோவும் ஜோ சிமிட்டியனும் ஆளுக்கு 30,249 வாக்குகளுடன் சமமாக நின்றார்கள். மூவரும் நவம்பருக்குப் போவதாக இருந்தது. மறு எண்ணிக்கையில் லோ 5 வாக்குகள் கூடுதலாகப் பெற, சிமிட்டியன் பெயர் நீங்கியது. பிரைமரிதானே என்ற அலட்சியத்தில் எங்கள் வீட்டில் என் சீட்டும் மனைவியின் சீட்டும் அஞ்சலில் சேராமல் மேசையிலேயே கிடந்தன.

அதிபர் பிரைமரிக்கு மட்டும் இம்முறை பொருந்தாது. கட்சி சாராதவர்கள், தங்களையும் வாக்களிக்க அனுமதிக்கும் கட்சியின் சீட்டைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். மற்றப்படி ஜூனில் உங்களுக்கு முழுப் பட்டியலும் திறந்தே இருக்கிறது. உறையில் கையெழுத்திட்டு, தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழும்படி அனுப்பிவிடுங்கள். அஞ்சல்தலை ஒட்டத் தேவையில்லை.