சண்டை போட்டதைப் போலீசிடம் சொல்லலாமா?

கேள்வி: குடும்பத்தோடு வெளிநாட்டுக்குச் சுற்றுலா வந்தோம். நான்காம் நாள் காலை ஓட்டலை விட்டுக் கிளம்பிய என் 20 வயது மகன் திரும்பவில்லை. இன்றோடு ஆறு நாள். போன் அணைந்திருக்கிறது. பாஸ்போர்ட் என் கைப்பையில்தான் இருக்கிறது. "வயது வந்தவர், தானாக வருவார்" என்று இங்குள்ள போலீஸ் எங்களை அனுப்பிவிட்டது. முந்தின இரவு, படிப்பை நிறுத்தப்போவதாக அவன் சொன்னதால் அவனுக்கும் என் கணவருக்கும் பெரிய வாக்குவாதம். அதைச் சொன்னால் தேடவே மாட்டார்கள், நம் மேலேயே சந்தேகப்படுவார்கள் என்று கணவர் தடுக்கிறார். ஐந்து நாளில் எங்கள் விசா முடிகிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்தச் சண்டையைச் சொல்லிவிடுங்கள். இன்றே சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் போலீஸ் எங்கே தேட வேண்டும், எவ்வளவு அவசரமாகத் தேட வேண்டும் என்பதை நீங்கள் தரும் வாக்குமூலத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். "காலையில் நடக்கப் போனான்" என்று மட்டும் சொன்னால் நடைபாதையிலும் கடற்கரையிலும் தேடுவார்கள். மனம் உடைந்து போனவனைத் தேடும் இடங்கள் வேறு: பேருந்து நிலையம், மலிவான விடுதி, மருத்துவமனை. கோபித்துக்கொண்டு போனான் என்றால் அலட்சியமாக இருப்பார்கள் என்பது பாதிதான் உண்மை. அன்றிரவு அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். "நான் இல்லாமலே போயிடறேன்" என்பது போல ஏதாவது சொன்னானா? தூக்கம் கெட்டிருந்ததா? மருந்து ஏதும் சாப்பிடுகிறவனா, அந்த மாத்திரை அறையிலேயே இருக்கிறதா? இவைதான் ஒரு சாதாரணப் புகாரை அவசரப் புகாராக மாற்றும். மறைத்தது பின்னால் தெரிந்தால் (பக்கத்து அறைக்காரர் சத்தம் கேட்டிருப்பார், தாழ்வாரக் கேமரா இருக்கும்) கணவர் எதற்குப் பயந்தாரோ அதுதான் நடக்கும். உண்மையாகத் தரும் தகவலையும் அப்புறம் நம்ப மாட்டார்கள்.

வாக்குமூலத்தில் ஒரு எச்சரிக்கை. உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அவர் வாசித்துக் காட்டிய பிறகு போடுங்கள். புகார் எண்ணும், புகாரை எடுத்த அதிகாரியின் பெயரும் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். "வருவார், போங்கள்" என்று வாய்மொழியாக அனுப்பினார்கள் என்றால் உங்கள் புகார் பதிவாகவே இல்லாமலும் இருக்கலாம். 24 மணி நேரம் கழிந்தால்தான் புகார் எடுப்பார்கள் என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு. பல நாடுகளில் அப்படி ஒரு விதியே கிடையாது. உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, ஆறு நாள் ஆகிவிட்டது.

இனி வயது. அவன் 16 வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தைகள் கடத்தப்படுவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை போன்ற சட்ட வழிகள் சில சமயம் கைகொடுக்கும். 20 வயதுக்காரனுக்கு அது பொருந்தாது. அவன் சுயமாக விலகிப்போக உரிமை உள்ளவன். நல்லபடியாகக் கண்டுபிடித்தாலும், "பத்திரமாக இருக்கிறார், இருக்கும் இடத்தைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை" என்று மட்டும் போலீஸ் உங்களிடம் சொல்லலாம். கேட்க வலிக்கும், ஆனால் அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆகவே "அவனைப் பிடித்து எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று கேட்காதீர்கள். "அவன் நலமாக இருக்கிறானா என்று உறுதி செய்யுங்கள், எங்கள் செய்தியைச் சேருங்கள்" என்று கேளுங்கள். இதைச் செய்யப் போலீசுக்குத் தடையில்லை.

உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போய்விட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. உடனே போங்கள். தூதரகம் விசாரணை நடத்தாது, ஓட்டல் பில் கட்டாது, உங்களுக்காக வழக்காடவும் செய்யாது. ஆனால் உள்ளூர்க் காவல்துறையிடம் அதிகாரபூர்வமாக விசாரிக்கும். மருத்துவமனை, சிறை, தடுப்பு மையங்களில் கேட்கும். உங்கள் மொழி தெரிந்த வழக்கறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் பட்டியல் தரும். நீங்களே மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேட்டால், நோயாளியின் அந்தரங்கம் என்று வாயைத் திறக்க மறுக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் தன் நாட்டவருக்குத் தூதரகம் உதவுவது பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா கான்சுலர் உறவு உடன்படிக்கையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் கைதானால், அவர் கேட்டுக்கொண்டால்தான் பொதுவாகத் தூதரகத்துக்குத் தகவல் போகும். ஆகவே தகவல் வரவில்லை என்பதால் அவன் காவலில் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அவன் காவலில் இருக்கிறானா என்று குறிப்பிட்டுக் கேட்கும்படி தூதரகத்திடம் சொல்லுங்கள்.

அடுத்து, சொந்த நாட்டிலும் ஒரு புகார் வேண்டும். ஊரில் இருக்கும் உறவினர் யாரையாவது, இங்கே கிடைத்த புகார் எண்ணோடு அனுப்புங்கள். அவன் காணாமல் போன இந்த நாட்டின் போலீஸ்தான் விசாரிக்க முடியும், உங்கள் ஊர்ப் போலீஸ் இங்கே வந்து தேட முடியாது, அது சரி. ஆனால் அவனுடைய வங்கிக் கணக்கும் சிம் கார்டும் ஊரில்தான் இருக்கின்றன. வெளிநாட்டில் ரோமிங்கில் இருந்த சிம் கடைசியாக எந்த நெட்வொர்க்கில் இணைந்தது என்ற பதிவு அவனுடைய சொந்த நிறுவனத்திடமே இருக்கும். அதை நீங்கள் கேட்டால் தர மாட்டார்கள், போலீஸ் கேட்டால் தருவார்கள். பல நாட்டுக் காவல்துறைகளை இணைக்கும் இன்டர்போல், காணாமல் போனவர்களுக்காக வெளியிடும் மஞ்சள் அறிவிப்பும் குடும்பம் நேரடியாகக் கேட்டுப் பெறக்கூடியது அல்ல. ஒரு நாட்டின் தேசிய மத்தியப் பணியகம், அதாவது அந்த நாட்டுக் காவல்துறையில் இன்டர்போலோடு தொடர்பு வைத்திருக்கும் பிரிவு, கோர வேண்டும். கோருகிறோம் என்று இங்குள்ள போலீஸ் சொன்னாலும் ஊர்ப் போலீஸ் சொன்னாலும், இரண்டு இடத்திலும் எழுதிக் கேளுங்கள்.

நாள் பார்க்காமல் செய்ய வேண்டியது ஒன்று. ஓட்டல், எதிர்க்கடை, அருகிலுள்ள நிலையம் ஆகியவற்றின் கேமராப் பதிவுகள் தானாகவே அழிந்துகொண்டிருக்கும். பல இடங்களில் சில நாட்கள்தான் வைத்திருப்பார்கள். "இன்ன தேதி, இன்ன நேரத்துப் பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று ஓட்டலுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, நகலைப் போலீசுக்கும் கொடுங்கள். பதிவை உங்களுக்குக் காட்ட மறுக்கட்டும், பரவாயில்லை. அழிக்காமல் இருந்தால் போதும். அறையில் அவன் விட்டுப்போன சட்டை, பல் தேய்க்கும் பிரஷ் எதையும் துவைக்காமல், கழுவாமல் தனித்தனிக் காகித உறையில் போட்டு வையுங்கள்.

அவனுடைய சமூக வலைக் கணக்கில் கடவுச்சொல்லை ஊகித்து நுழையாதீர்கள். பெற்றோராக இருந்தாலும் பல நாடுகளில் குற்றம், தடயமும் கலையும். அவன் எண்ணுக்குக் கட்டணம் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது போனைப் போட்டால் உங்கள் செய்தி போய்ச் சேர வேண்டும். படத்தைப் பொதுவில் போடுவதாக இருந்தால் போலீசிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், தொடர்புக்கு அவர்கள் எண்ணையே கொடுங்கள். அவன் உடம்பிலோ உடையிலோ உள்ள ஒரு அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வையுங்கள். "உங்கள் மகன் எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்பு" என்று அழைக்கும் மோசடிக்காரனிடம் அந்த அடையாளத்தைக் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

விசா விஷயத்தில் கெடு தாண்டித் தங்கவே தங்காதீர்கள். புகாரின் நகல், தூதரகத்தின் கடிதம் இரண்டையும் வைத்துக் குடியேற்றத் துறையில் இப்போதே நீட்டிப்பு கேளுங்கள். கெடு முடிவதற்குள் கேட்பவர்களுக்கு வழி இருக்கும். மகனின் விசா பற்றியும் அதே மனுவில் எழுதிவிடுங்கள், நாளை அவன் கிடைக்கும்போது மீறித் தங்கியவனாக நிற்கக்கூடாது. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவருக்கு, போலீசிடம் தகவல் கேட்கவும் ஆவணம் பெறவும் மட்டும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். போவது கைவிடுவது ஆகாது.

கடைசியாக, அந்தக் கைப்பையில் இருக்கும் பாஸ்போர்ட். அது உங்களிடம் இருப்பதால் அவன் முறைப்படி எல்லை தாண்டியிருக்க வாய்ப்பு குறைவு. இதைப் போலீசிடம் அழுத்திச் சொல்லுங்கள், தேடும் பரப்பு சுருங்கும். தொலைந்துவிட்டது என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். ரத்தாகிவிடும், பின்னால் அதைக் காட்டினால் அவன்தான் மாட்டிக்கொள்வான். ஊருக்கும் எடுத்துப் போகாதீர்கள். தூதரகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அதோடு ஒரு கடிதத்தையும் வைத்திருக்கச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். உங்கள் கணவர் கையால் எழுதட்டும். படிப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம்.